உறைமண்

செவ்வந்தி நகர் மூன்றாவது தெருவில் ஒரு விஷயம் ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் அது அங்கயற்கண்ணிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. வாசலறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ரவிக்கைக்கு அளவெடுக்கிற சாக்கில் வீட்டு நடப்பையும் எடுத்துவிடுவாள். கையில் இஞ்ச் டேப், வாயில் குண்டூசி. குண்டூசி வாயில் இருக்கிற நேரம் மட்டும்தான் தெருவுக்கு நிம்மதி என்று மளிகைக்கடை சேவுகன் சொல்வான். அதையும் அவள் முகத்துக்கு நேராகத்தான் சொல்வான். அவள் சிரித்துக்கொள்வாள், ஊசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே.

ஆகவே, மண்சாட்சி ஆணையத்தின் நீலக் கோட்டுப் போட்ட பெண் தோளில் பையோடு தெருவுக்குள் நுழைந்தபோது, முதலில் தண்ணீர் குடித்தது அங்கயற்கண்ணி வீட்டில்தான் என்றால் அது தற்செயல் இல்லை. கையில் செம்போடு அவள் வாசலில் நின்றிருந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ரிஸ்வானா. சொந்த ஊர் மேலூர்ப் பக்கம், இன்னும் கல்யாணமாகவில்லை, அக்காள் ஒருத்தி துபாயில். டீ கொதிப்பதற்குள் இவ்வளவும் வெளியே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அவள் வந்த காரியம் மட்டும்தான்.

காரியம் ஊருக்கே தெரிந்ததுதான். பத்திரத்துக்கு மதிப்புப் போன காலம் அது. பத்திரம், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் கைப்பேசியே செய்து தள்ளியது. செத்துப்போன தாத்தா எழுந்து உட்கார்ந்து, "இந்த நிலத்தை நான் இன்னாருக்குத்தான் விற்றேன்" என்று பேசுகிற வீடியோவைக்கூட ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தயாரித்துவிடலாம். ஒரே மனைக்கு ஏழு முதலாளிகள், ஏழு பேரிடமும் அப்பழுக்கில்லாத காகிதம். நீதிபதிகள் அலுத்துப்போனார்கள். கடைசியில் யாரோ சொன்னார்களாம், ஒரு பிடி மண்ணுக்குள் கோடிக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அந்த நிலத்தில் என்ன நடந்ததோ அதற்குத் தகுந்த கூட்டம்தான் அங்கே தங்கும், அதைப் பொய்யாகச் செய்ய முடியாது என்று. காகிதத்தை விடுங்கள், மண்ணைக் கேளுங்கள் என்று சட்டம் வந்துவிட்டது.

சட்டம் வந்த அன்று சேவுகன் கடை வாசலில் சரவெடி போட்டான். நகர் நலச் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். "நாம உண்மையாக் காசு குடுத்து வாங்குனவுக. இனி எவனும் நம்மள அசைக்க முடியாது" என்று எல்லாருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தான். மிட்டாய் வாயில் கரைவதற்குள் யாருக்கோ ஞாபகம் வந்துவிட்டது. செவ்வந்தி நகருக்குக் கீழே இருப்பது நத்தைக்குடிக் கண்மாய். மனை போட்டவன் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேவி, நகருக்குப் பூப்பெயர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மண் கண்மாய் என்று சொல்லிவிட்டால் தெருவே காலி.

"ஏம்மா, கண்ணுக்கே தெரியாத பூச்சி எங்களப் பத்தி என்னத்தச் சொல்லும்?" அங்கயற்கண்ணி டீயை ஆற்றினாள்.

"உங்களப் பத்தி இல்லக்கா, இடத்தப் பத்தி. இப்ப ஒரு தெருவுக்குள்ள போறீங்க. பூக்கடையும் தேங்காக்கடையும் இருந்தா கோயில் பக்கத்துல இருக்குன்னு தெரியும். இளநியும் ரொட்டியும் வித்தா ஆஸ்பத்திரி. கட்டடத்தப் பாக்கவே வேண்டாம், கடையப் பாத்தாப் போதும். அது மாதிரி, மண்ணுக்குள்ள யாரு கட போட்டிருக்கான்னு பாக்கறதுதான் எங்க வேலை."

"கண்மாயின்னா யாரு கட போடுவா?"

"காத்தே வேண்டாம்னு சேத்துக்குள்ள பொழைக்கிற கூட்டம். வீடுன்னா வேற. சிமெண்டு, சுண்ணாம்பு, சோப்புத் தண்ணி, காஞ்ச மண்ணு. இதத் தாங்குறது எதுவோ அது வந்து உக்காந்துக்கும். நீங்க இருக்க இருக்க அதுவும் உங்களோட இருக்கும்."

"அப்ப அடியில கெடக்கற பழைய கூட்டம்?"

"தூங்கும்க்கா. சாகாது, தூங்கும். தூங்குறவன நாங்க சேக்க மாட்டோம். முழிச்சு வேல பாத்துட்டிருக்கறவன் யாருன்னுதான் கேப்போம்."

அங்கயற்கண்ணி முக்கியமான கேள்விக்கு வந்தாள். எப்போதும் அதை பிஸ்கட் தட்டை நகர்த்தும்போதுதான் கேட்பாள். "எங்க தெரு எப்பிடி வரும்?"

அந்தப் பெண் பிஸ்கட்டை எடுக்கவில்லை. வாசலைப் பார்த்தாள். "நான் சொல்லக் கூடாதுக்கா. ஒண்ணே ஒண்ணு. நான் மண்ணுல குத்துற ஊசியோட திரும்பி வர்ற வரைக்கும் எதுவும் பண்ணாதீங்க. சும்மா இருங்க."

அங்கயற்கண்ணியிடம் அந்த ஒன்றைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பாள்.

பெண் போன பிறகு, அவளுக்கு யோசனை ஓடியது. அரசாங்கத்து ஆள் சும்மா இரு என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. ஒன்று, கையில் ஏதாவது வைக்க வேண்டும் என்கிறாள். இல்லை, முடிவை முன்னாலேயே எழுதிவிட்டார்கள். பெண் நல்லவளாக இருந்து நல்லதைத்தான் சொல்லியிருப்பாள் என்ற மூன்றாவது வழி அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வழியில் தெருவில் போய்ச் சொல்ல எதுவும் இல்லையே.

அன்று சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆற வைத்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த மோரில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள். கரண்டியைப் பாலுக்குள் விட்டவள் அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கீழமாசி வீதிச் சந்தில் இருந்த சித்தி மகன் வீட்டுக்குப் போனாள். எந்தக் காலத்திலோ கட்டிய வீடு. அந்த இடம் வீடாக இல்லாத காலத்தை யாரும் கண்டதில்லை. பின்கட்டில் துவைகல்லை ஒட்டி மண்ணைத் தோண்டி இரண்டு மஞ்சள் பையில் நிரப்பிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினாள். வழியெல்லாம் பையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னவென்று கேட்டதற்கு, "எங்க வீடு" என்றாளாம். அந்தப் பெண்பிள்ளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"மண்ணு என்ன பாலா மதினி, உற ஊத்த?" சேவுகன் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"ஏன், ஒரு கரண்டி மோரு ஒரு சட்டிப் பாலையும் மாத்துதுல்ல? அதுவும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான், இதுவும் பூச்சிதான். நல்ல வீட்டு மண்ணு, பரம்பரையா மனுசங்க கொழம்புத் தண்ணியக் குடிச்சு வளந்த மண்ணு. போட்டு மூடி வையி. தானா உறையும்."

பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. உறைமோர் இரவல் வாங்காத வீடு எங்கே இருக்கிறது? ஆண்களுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. சேவுகனுக்கும் தலைவர் என்ற முறையில் ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. "உற புதுசா வந்த எடத்துல பட்டினி கெடக்காதா மதினி?"

நல்ல கேள்வி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆகவே உறைக்குச் சாப்பாடு போட ஏற்பாடானது. வீட்டுக்கு ஒரு டம்ளர் மண், மேலே வடித்த கஞ்சி, புளித்த மாவுக் கழுவல், காயாமலிருக்கத் தாராளமாகத் தண்ணீர். தயிர்ச் சட்டியை மூடி வைப்பதுபோல, சேவுகன் கடையிலிருந்து தார்ப்பாய் வெட்டி எல்லார் முற்றத்திலும் போர்த்திச் சுற்றிலும் செங்கல் வைத்தார்கள். ஆட்டக்கூடாது, திறந்து திறந்து பார்க்கக்கூடாது என்று அங்கயற்கண்ணி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கட்சி மாநாட்டுக்குக்கூட அந்தத் தெரு அப்படி ஒற்றுமையாக வேலை செய்ததில்லை.

ஒரு வீடு விட்டுப்போயிற்று. அடுத்த வீடு, ஒரே சுவர், வசுமதி.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் வசுமதி தினம் சாயங்காலம், விளிம்பில் நசுங்கின எவர்சில்வர் கிண்ணத்தோடு வருவாள். "அங்கை, உற இருக்கா?" அவள் வீட்டுக்காரர் கோதண்டம் சார் சட்டியில் ஒரு சொட்டு விடாமல் தயிரை வழித்துவிடுகிறவர், உறைக்கென்று மிஞ்சாது. கிண்ணம் வந்தால் அரை மணி நேரம் ஊர் உலகம் பேசித்தான் போகும். பிறகொரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்ட அங்கயற்கண்ணி, பக்கத்து மாடிக் கொடியில் இரண்டு கிளிப் மாட்டி கோதண்டம் சாரின் தலைமுடி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். தலை மாடியில் இல்லை, முடி மட்டும். இதை மனதுக்குள் வைத்துக்கொள்ள அவள் என்ன முனிவரா? பொழுது சாய்வதற்குள் தெருக் கோடி வரை போய்விட்டது. மறுநாள் பையன்கள் அவரைப் பார்த்து, "சார், காத்தடிக்குது" என்றார்கள். கிண்ணம் அன்றோடு நின்றது. போன ஆண்டு அவர் இறந்தபோது அங்கயற்கண்ணி போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தாள். வசுமதி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்தபோது அந்த முடியோடுதான் வைத்தார்கள், அழகாகத்தான் இருந்தது.

"வசுமதியம்மாவுக்கு ஒரு டம்ளர் குடுத்துரவா?" என்று சேவுகன் கேட்டான்.

"அவுகளுக்கு எதுக்கு? நம்ம சொல்லித்தான் தெரியணுமாக்கும்." மிஞ்சிய டம்ளரைத் தன் கறிவேப்பிலைச் செடிக்கே போட்டுவிட்டாள்.

கொஞ்ச நாளில் தெருவுக்கு ஒரு வாசனை வந்தது. முதலில் சேவுகன் வீட்டு முற்றத்தில், பிறகு எல்லா வீட்டிலும். கனமான, ஈரமான, அழுகல் கலந்த வாசனை. தார்ப்பாய் நடுவில் உப்பி நின்றது. அதன்மேல் விரலால் அழுத்தினால் உள்ளே குமிழி உடைகிற சத்தம். சேவுகன் தார்ப்பாயின் ஓரத்தை ஒரு விரல் அளவு தூக்கி மோந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான். "உறஞ்சிருச்சு மதினி! புளிச்ச வாட வருது!"

பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து மோந்தார்கள். அங்கயற்கண்ணிக்குக் கொண்டாட்டம். அந்த வாரம் தைத்த ரவிக்கைகளுக்குக் கொக்கிக் கூலி வாங்கவில்லை. எங்கிருந்தோ இரண்டு தவளைகள்கூட வந்து சேர்ந்தன. நல்ல சகுனம் என்றார்கள். வசுமதி மட்டும் தன் காய்ந்த முற்றத்தில் கோலத்துக்கு அளவாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடியபடி இந்தப் பக்கம் பார்த்தாள். பொறாமை என்று அங்கயற்கண்ணி முடிவு செய்தாள்.

ரிஸ்வானா ஊசியோடு வந்தாள். ஊசி என்றால் முழங்கை நீளம், பிடியில் கைப்பெட்டி, பெட்டியில் சின்னத் திரை. சேவுகன் வீட்டில்தான் தொடக்கம். பெருமையோடு அவனே தார்ப்பாயை உருவினான். கறுப்பு மண், மேலே தண்ணீர், தண்ணீரில் குமிழி.

அந்தப் பெண் ஊசியைக் குத்தவில்லை. அங்கயற்கண்ணியைத் தேடிப் பார்த்தாள்.

"என்னக்கா பண்ணீங்க?"

"நல்ல வீட்டு மண்ணு கொண்டாந்து உற ஊத்துனோம். எப்பிடிப் பிடிச்சிருக்கு பாரு."

"என்ன ஊத்துனீங்க?"

சொன்னாள். கஞ்சி, மாவுத் தண்ணி, தார்ப்பாய். சொல்லச் சொல்ல அந்தப் பெண் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாலக் காய்ச்சித்தானக்கா உற ஊத்துவீங்க? காய்ச்சுனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும். வெறும் வீடு. ஒரு கரண்டி உள்ள போனாலும் அதுதான் ராஜா. இது காய்ச்சாத பாலுக்கா. உள்ள கொள்ளக் கூட்டம் ஏற்கெனவே உக்காந்திருக்கு. அதுல யாரு நெலைக்கணும்னு வந்தவங்க முடிவு பண்ண மாட்டாங்க, எடம்தான் முடிவு பண்ணும். தண்ணியத் தேக்கி, காத்த அடச்சு, மாவுச் சத்தும் குடுத்தா..." அவள் குரல் இறங்கியது. "ஒரு கண்மாய்க்கு வேற என்னக்கா வேணும்? தூங்கிட்டிருந்ததத் தட்டி எழுப்பி, சோறு போட்டு, போர்வையும் போத்தி விட்டிருக்கீங்க."

"அப்ப நான் கொண்டாந்த மண்ணு?"

"அதுல வந்ததுக இந்நேரம் செத்திருக்கும். இது அதுகளுக்கான எடம் இல்ல."

"நீதான ஆத்தா பெட்டிய வச்சிருக்க. வீடுன்னு போட்டுரு." இதைச் சொன்னவள் சேவுகன் மனைவி. குரலில் கெஞ்சல் இல்லை, உப்புக் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"பெட்டி தானா அனுப்பிரும்மா. நான் குத்தற ஆளு மட்டும்தான்." குத்தினாள். திரையில் எழுத்து வந்தது. நீர்நிலை.

"இன்னொரு நாளு வந்து பாரேன். காய வச்சிர்றோம்" என்றான் சேவுகன்.

"ஒரு எடத்துக்கு ஒரே தடவதான் சார். ரெண்டாவது தடவ உண்டுன்னா எல்லாரும் மண்ண மாத்தப் பாப்பாங்கன்னு, சட்டத்துலயே அப்பிடி வச்சுட்டாங்க."

நீர்நிலை, நீர்நிலை என்று தெருவின் இரண்டு பக்கமும் வந்துகொண்டே போயிற்று. அங்கயற்கண்ணி வீட்டில் கறிவேப்பிலைச் செடியடியில் குத்தியபோது குமிழி வந்து ஊசியில் ஒட்டியது. வசுமதி வீட்டில் ஊசி சுலபமாக இறங்கவில்லை. காய்ந்து இறுகின மண், சோப்பு நுரை காய்ந்த வெள்ளைத் தடம். திரை கொஞ்சம் யோசித்துச் சொன்னது: குடியிருப்பு.

ரிஸ்வானா பையை மூடினாள். "நீங்க எல்லாரும் இதே மாதிரி சும்மா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாள். முடித்திருக்கலாம். எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன, யாரிடமும் கேட்காமல் நடந்தன. மாற்று இடம் நகருக்கு வெளியே, பதினான்கு மாடிக் கட்டடம். காலுக்குக் கீழே இன்னொரு வீட்டுக் கூரை, அதற்குக் கீழே இன்னொன்று. சாட்சி சொல்ல மண் என்று ஒரு பிடி கிடையாது. மனு கொடுத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள், பந்தல் போட்டார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் கரையை உயர்த்தி மடையைத் திறக்க வேண்டும் என்று எதிர்ப்பக்கத்துக் கிராமத்து விவசாயிகளும் பந்தல் போட்டார்கள். அவர்கள் பந்தலில் இருந்தவர்களைப் பார்த்தால், கண்மாய் போனதால் காய்ந்துபோன ஆட்கள் என்று தெரிந்தது. அவர்களைத் திட்டவும் முடியவில்லை.

தெரு திட்ட ஒரு ஆள் வேண்டுமே. வசுமதி வீடு மட்டும் தப்பியது எப்படி? ஒரே சுவர். அங்கயற்கண்ணிக்கும் அவளுக்கும் வெளியே சண்டை, உள்ளே கூட்டு. ஆணையத்துப் பெண்ணிடம் டீக் கொடுத்து உண்மையைக் கேட்டுக்கொண்டவள் சிநேகிதியைத் தொடாமல் விட்டிருக்கிறாள், நம்மைக் கஞ்சி ஊற்ற வைத்திருக்கிறாள். இதை முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. அங்கயற்கண்ணியிடமிருந்துதான் அந்தத் தெரு இந்த வித்தையெல்லாம் கற்றுக்கொண்டது. அவள் வாசலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திரும்ப வாங்கிப் போனார்கள். சேவுகன் மட்டும் ஒருநாள், "அப்பிடியெல்லாம் நான் நெனைக்கல மதினி" என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவளுக்கு விளக்கம் சொல்லத் தெரிந்திருந்தது. இல்லை, நான் காப்பாற்றவில்லை, வஞ்சம் வைத்துத்தான் விட்டேன் என்று சொல்ல வேண்டும். எந்த வாசலில் நின்று அதைச் சொல்வது?

ஜெயித்த வசுமதிக்கோ எதுவும் கிடையாது. வீடு அவளுடையது என்று மண்ணே சொல்லிவிட்டதால் மாற்று வீடு இல்லை. சுற்றிலும் இடித்து, தோண்டி, தண்ணீர் விடுவார்கள். நடுவில் அவள் வீட்டைத் தொட மாட்டார்கள், தொட்டால் குற்றம். அவள் எந்த வழியாகக் காய்கறி வாங்கப் போவாள் என்பதைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. "பரிசல் ஓட்டப் பழகிக்கங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

சாமான் ஏற்ற லாரி வந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அங்கயற்கண்ணி மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. விளிம்பு நசுங்கின எவர்சில்வர் கிண்ணம்.

"அங்கை."

கயிற்றை விட்டுவிட்டாள். "வா வசு. உக்காரு. நாற்காலியெல்லாம் மேல ஏத்தியாச்சு..."

"உக்கார வரல. அந்த மண்ணு இருக்கா?"

"எந்த மண்ணு?"

"எல்லாரும் போட்டீகள்ல. எனக்கும் கொஞ்சம் குடு. கஞ்சி வச்சிருக்கேன், பாயும் வாங்கிட்டேன். நானும் மூடி வச்சுட்டு மனுக் குடுத்தா, அந்தப் புள்ள திரும்ப வந்து குத்திப் பாக்கும்ல? எனக்கும் உங்களோட ஒரு வீடு விழுந்துரும்ல?"

அங்கயற்கண்ணி விட்ட கயிற்றை மறுபடி எடுத்தாள்.

"அவரு போனப்பறம் வீட்டுல சத்தமே இல்ல அங்கை. நீ இங்கிட்டு மெஷினப் போட்டுக்கிட்டு ஊர் வம்பு பேசுவீல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த நாலாவது வீட்டு மருமக தாலியடகு வச்சது வரைக்கும் எனக்குத் தெரியும்." முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "எனக்கு மட்டும் நீ சொல்லாம விட்டப்பக்கூட, என்னமோ நல்லதுக்குத்தான் விட்டிருக்கன்னு நெனச்சேன். தெரு அதத்தான சொல்லுது. ஆனா தண்ணிக்கு நடுவுல நான் என்னத்தச் செய்ய?"

ஒரே தடவைதான், இனி யாரும் குத்த மாட்டார்கள். பேச்சு தொண்டை வரை வந்தது. அவள் ஆயுளில் அங்கே வரை வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை.

போயிற்று.

கிண்ணத்தை வாங்கினாள். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் தார்ப்பாயை விலக்கிக் கையாலேயே அள்ளினாள். கறுப்பாக, வழவழவென்று, கண்மாய் வாடையோடு வந்தது. கிண்ணம் நிறைய வைத்து, மேலே தடவி மட்டமாக்கினாள். சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வெயில் படாம வையி. தெனம் கஞ்சி ஊத்து. தொறந்து தொறந்து பாக்காத."

"எப்ப உறையும்?"

தெருமுனையில் லாரி பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டது. யாரோ "வரலாம், வரலாம், ரைட்டு" என்று கத்தினார்கள்.

"நாளாகும் வசு. அவசரப்படாத."

வசுமதி கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் தன் வாசலுக்கு நடந்தாள்.